தூண் இல்லாத படிக்கட்டு

டொச் என்கிற ஜெர்மன் மொழியில் எண்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். சிக்கல் முழுவதும் அங்கேதான். அறுபத்துமூன்று என்று மனதில் வந்தால் வாய் மூன்றும் அறுபதும் என்று சொல்ல வேண்டும், முப்பத்தாறு என்று வந்தால் ஆறும் முப்பதும். யோகமலர் பல் தீட்டும்போது சொல்லிப் பார்த்தாள், ட்ராமில் உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, இறங்கவேண்டிய இடம் வந்தபோது எது எந்தக் கட்டிடத்து ஆண்டு என்பதே கலங்கிப்போனது. இப்போது பத்து மணிக்கு ஐந்து நிமிடம். வைஸன்பாக் வணிகக் கல்லூரியின் பழைய கற்கட்டிட வாசலில், கடும்நீல ஜாக்கெட்டில் பெயர் அட்டை குத்தியபடி அவள் நிற்கிறாள். கல்லூரிக்கு நூற்றிருபத்தைந்து வயதாகிறது. அதற்காக இந்த ஒரு சனிக்கிழமை ஊர்ச்சனத்துக்கு எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து, சுற்றிக் காட்டுகிற பொறுப்பைப் பேராசிரியர்களிடம் கொடுக்காமல் இங்கே வேலை செய்கிறவர்களிடம் கொடுத்திருக்கிறார்கள். கன்டீன் சமையல்காரர் ஒருவர், நூலகத்திலிருந்து ஒருவர், கட்டிடப் பராமரிப்பிலிருந்து யோகமலர். இருபத்துநாலு வருடம் இந்த மூன்று கட்டிடங்களையும் தெரிந்தவள். முதல் ஒன்பது வருடம் துடைத்தாள், பிறகு பரீட்சை எழுதிப் பராமரிப்புக்காரி ஆனாள். எந்தக் கதவு மழைக்காலத்தில் இறுகும், எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது, எல்லாம் தெரியும். தெரிந்ததை வாயால் சொல்வது வேறு வேலையாக இருக்கும் என்று, சரி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. கணவர் குலசேகரம் பேக்கரி வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே நின்று கேட்டார்: "உமக்கேனப்பா இந்தத் தேவையில்லாத வேலை? சுவிஸ்காரருக்கு அவங்கடை பாஷையிலை அவங்கடை கட்டிடத்தைப் பற்றிக் கதை சொல்லப் போறீரோ?" "பின்னை தமிழிலையே சொல்லுறது?" என்று கேட்டாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே, "அப்ப எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டும்" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இருபது பேர் அளவில் வந்திருந்தார்கள். பெரும்பாலும் இந்த ஊர் வயதான தம்பதிகள், குழந்தை வண்டியோடு ஓர் இளம் தாய், எல்லாருக்கும் பின்னால் ஊன்றுகோலும் நீலத் தொப்பியுமாக ஒரு கிழவர். மக்கள் தொடர்பு அலுவலகத்து ஃப்ராவ் குஸ்டர், இங்கே திருமதிக்கு ஃப்ராவ், கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். நாலு நிறுத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம் என்று இரண்டு பக்கத் தாள் தயாரித்துத் தந்தவள் அவள்தான். யோகமலர் வாயைத் திறந்தாள். வார்த்தைகள் வந்தன, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டில் இந்த ஊர் வியாபாரிகள் கூடி இதைத் தொடங்கினார்கள், எம்பிராய்டரித் துணியை உலகமெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள், கடல்தாண்டிக் கடிதம் எழுதத் தெரிந்த ஆட்கள் போதவில்லை என்று தாங்களே பயிற்ற முடிவெடுத்தார்கள், முதல் வகுப்பு ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு தானியக் கிடங்கின் மேல்மாடியில் நடந்தது, இரண்டு அறைகள், ஏழு மாணவர்கள். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போக, மனம் அந்தக் கிடங்கின் மேல்மாடிக்கே ஏறிவிட்டது. கீழே கோதுமை மூட்டைகள். மேலே கழுத்துப்பட்டி கட்டின ஏழு பொடியன்கள். மூட்டை ஏற்றுகிற சத்தத்தில் வாத்தியார் சொல்வது கேட்டிருக்காது. மாலையில் வீட்டுக்குப் போகும்போது தலைமயிரில் தூசி இருந்திருக்கும். அந்த அறைகளைப் பின்னேரத்தில் யார் கூட்டியிருப்பார்கள்? அது தாளில் இல்லை. யாரோ கூட்டித்தான் இருப்பார்கள். தவிடும் தூசியும் பெரிய கரைச்சல், ஈரத்துணி போட்டால் பசை மாதிரி அப்பிக்கொள்ளும், காய்ந்த தும்புத்தடிதான் சரி.

பிறகு ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினொன்றில் இந்தக் கற்கட்டிடம் எழுந்தது என்று சொல்லிக் கையை மேலே காட்டினாள். வாசலுக்கு மேல் தொப்பியில் இறக்கை முளைத்த ஒரு கற்சிலைக் கடவுள், வியாபாரத்துக்கும் வழிப்போக்கர்களுக்கும் உரியவர். வேலைக்கு வந்த முதல் வருடம் அவரைக் காதுக்குப் பக்கத்தில் புறா குந்தியிருக்கிற மனிதன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வசந்தம் வந்ததும் ஏணி வைத்து ஏறி அவரைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுவது அவளுடைய வேலை. இடது மூக்கில் வருடாவருடம் பாசி பிடிக்கும். அதைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். சொல்லிவிட்டாள். எல்லாரும் அண்ணாந்து பார்த்து, "மெய்தான், பச்சையாக இருக்கிறது" என்று சிரித்தார்கள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று ஒரு பிரி தளர்ந்தது. உள்ளே நடையில் கண்ணாடி அலுமாரி. அந்தக் காலத்தில் வணிகப் பொருள்களை மூக்காலும் விரலாலும் அறிவதற்கு ஒரு பாடம் இருந்தது. முந்நூறு சிறு போத்தல்கள், பஞ்சு, கோப்பி, மிளகு, சாயவேர். மூன்றாம் தட்டில், மங்கிய மையில், 'சிலோன், கறுவா, முதல் தரம்'. "நானும் அங்கேயிருந்துதான் வந்தேன்" என்றாள் யோகமலர். "முதல் தரமா?" என்று ஒரு பெரியவர் பகிடியாகக் கேட்க, அவருடைய மனைவி அவரை முழங்கையால் இடித்தாள். யோகமலருக்கும் சிரிப்பு வந்தது. அந்தப் போத்தலை ஒருநாள் துடைக்கும்போது திறந்து மணந்து பார்த்ததையும், நூறு வருடத்தில் மணம் முழுக்கப் போய் வெறும் மரச்சீவல் மாதிரி இருந்ததையும், மனம் கேட்காமல் மறுநாள் வீட்டுக் குசினியிலிருந்து ஒரு துண்டு கறுவாப்பட்டையைக் கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்து உள்ளே போட்டதையும் அவள் யாருக்கும் சொன்னதில்லை. பழையதை எடுக்கவில்லை. பக்கத்தில் ஒன்று, அவ்வளவுதான். யாராவது ஆராய்ச்சிக்காரர் வந்து திறந்து பார்த்தால் இலங்கைக் கறுவா நூறு வருடம் மணக்கும் என்று எழுதிவிடுவாரோ என்று இடைக்கிடை பயம் வரும். எழுதட்டுமே. பிறகு மூன்றாம் மாடி. வேலையில்லாமல் இருந்த ஊர்க் கொத்தர்களுக்கு வேலை கொடுக்கவென்று அதைக் கட்டியது ஆயிரத்துத் தொளாயிரத்து ஆறும் முப்பதில். சரியாக வந்தது! ஆறும் முப்பதும். அவ்வளவு அழகாக, உள்ளூர்க்காரி போல நாக்கில் உருண்டு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அது நாக்கிலேயே தங்கிவிடும் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

கற்கட்டிடத்திலிருந்து மலைமேல் இருக்கிற வளாகத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு படிகள், மேலே தகரக் கூரை. முடியாதவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது என்றாள். நீலத் தொப்பிக் கிழவர் தலையாட்டி மறுத்தார். "இந்த ஏற்றம் எனக்குப் பழக்கம்" என்றார், அவருடைய டொச்சும் நேராக இல்லை, எல்லாச் சொல்லுக்கும் கடைசியில் ஒரு உயிரெழுத்து தொங்கியது. இத்தாலிக்காரர். பழக்கம் என்று ஏன் சொல்கிறார், முன்பு வந்தவரோ, இல்லை வயதில் தடுமாறுகிறாரோ. யோகமலர் வேகத்தைக் குறைத்து அவருக்கு முன்னால் மூன்று படி தள்ளி நடந்தாள், விழுந்தால் பிடிக்கிற தூரம். ஃபிப்ரவரியில் இந்தப் படிகளுக்கு உப்புத் தூவுவதும் அவள்தான். எத்தனையாவது படியில் தண்ணீர் தேங்கி உறையும் என்று கால் அறியும், நாற்பத்தொன்றாவதும் எழுபதாவதும். தாளின் இரண்டாம் பக்கம் இப்போது தொடங்குகிறது. அதில் ஒரு சொல்லை அவள் பென்சிலால் வெட்டியிருந்தாள். மலைமேல் கொங்கிறீற் கட்டிடம் எழுந்தபோது ஊர்ச்சனம் அதைப் பிடிக்காமல் 'பங்கர்' என்று கேலி பேசியது என்று எழுதியிருந்தது. டொச்சிலும் பங்கர், தமிழிலும் பங்கர். எங்கெல்லாமோ போய் எத்தனையோ சொற்களைப் புதிதாகப் படித்தவளுக்கு, படிக்காமலே தெரிந்திருந்த ஒரு சொல். சண்டைக்காலத்தில் ஊரில் வெட்டின பதுங்குகுழி, பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கி, உள்ளே ஈர மண்வாசனையும் அடுத்தவருடைய மூச்சும். இந்தக் கட்டிடத்துக்குக் கீழே மெய்யாகவே ஒரு காப்பறை இருக்கிறது, இந்த நாட்டில் பெரிய கட்டிடங்களுக்கெல்லாம் இருக்கும், முழங்கை நீளத் தடிப்புள்ள கதவு; உள்ளே இப்போது பட்டமளிப்புக் கதிரைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். முதல் தடவை அந்தக் கதவைத் திறந்தபோது, சண்டை வராத ஊரில் எவ்வளவு நேர்த்தியாகச் செய்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கோபம் வரவில்லை. கதிரைகள் தூசிபடாமல் இருந்தன. அதுவும் நல்லதுதான்.

மேலே வந்துவிட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாரும் நின்றார்கள். சாம்பல் நிறச் சுவர்கள், ஜன்னல்கள் ஆழத்தில் பதிந்திருந்தன, அக்டோபர் வெயில் சாய்வாக விழுந்து சுவரிலிருந்த பலகைத் தடங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டியது. அவளுக்கு இந்த நேரத்து இந்தச் சுவர் பிடிக்கும். "இங்கே நாம் பார்ப்பது ஆர்க்கிடெக்ட் எக்லோஃப் கட்டிய பிரதான கட்டிடம்" என்று தொடங்கினாள். "இது திறக்கப்பட்டது ஆயிரத்துத் தொளாயிரத்து ஆறும் முப்பதில்." சொன்னதும் பிழை என்று தெரிந்துவிட்டது. திருத்தலாம் என்று வாயைத் திறந்தால் எண்ணே வரவில்லை, மூன்றும் ஆறும் இரண்டு பிள்ளைகள் மாதிரிக் கைகோத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. ஃப்ராவ் குஸ்டர் கையிலிருந்த டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். அப்போது பின்னாலிருந்து கிழவருடைய குரல் வந்தது, "மூன்றும் அறுபதும்."

எல்லாரும் திரும்பினார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "மன்னிக்க வேண்டும், அம்மணி. முப்பத்தாறில் நான் பிறக்கவே இல்லை. இந்தச் சுவரைக் கட்டினது நான்."

பெயர் அட்டிலியோ. எண்பத்தொரு வயது. இருபதாவது வயதில், பனி விலகினதும் வந்து பனி விழுந்ததும் திருப்பி அனுப்பப்படுகிற பருவகாலக் கூலியாக இங்கே வந்தாராம், மலைமேல் மரக் கொட்டகையில் எட்டுப் பேரோடு படுக்கை. கொங்கிறீற் ஊற்றுவதற்குப் பலகை அடிக்கிற வேலை. தாளில் இப்படி ஒரு ஆளுக்கு இடமில்லை. பதினைந்து நிமிடத்தில் ஏற்கெனவே நாலு போய்விட்டது, ஃப்ராவ் குஸ்டர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பது தெரிகிறது. யோகமலர் தாளை மடித்து ஜாக்கெட் பைக்குள் வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிறகு யோசித்தபோது, எண் பிழைத்துப்போன வெட்கத்திலா, அந்த மனிதர் தொப்பியைக் கழற்றின விதத்திலா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. "நீங்கள் சொல்லுங்கள்" என்றாள். அட்டிலியோ சுவருக்குக் கிட்டப் போய்க் கையை வைத்தார். மாட்டைத் தட்டிக் கொடுப்பது போல இரண்டு தட்டு. "ஆர்க்கிடெக்ட் கணு உள்ள பலகைதான் வேண்டும் என்றார். எங்களுக்கு அவர் பைத்தியம் போலத் தெரிந்தது. கணு இல்லாத நல்ல பலகை லொறியில் கிடக்கிறது, அதைத் திருப்பி அனுப்பிவிட்டு மோசமானதைப் பொறுக்கி எடுக்கிறோம். ஒவ்வொன்றாக. இந்தக் கணு கொங்கிறீற்றில் பதியும், கண் மாதிரி இருக்கும் என்றார்." யோகமலருக்கு உடனே இரண்டாம் மாடி நடையில், சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கிற கணு ஞாபகம் வந்தது, தூசி தட்டும்போதெல்லாம் அவளையே பார்க்கிற கணு, அதற்கு அவள் காலை வணக்கம்கூடச் சொல்லியிருக்கிறாள். "அது நீங்கள் அடித்ததா?" என்று ஆவலாகக் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, "இரண்டாம் மாடியா? இல்லை. அது வேறு கூட்டம்" என்றார். அவளுக்குச் சிறிய ஏமாற்றம். ஆனால் அந்த இல்லையைக் கேட்ட பிறகுதான் மற்றதையெல்லாம் அவள் முழுக்க நம்பினாள். குழந்தை வண்டிக்காரி கேட்டாள், "திறப்பு விழாவுக்கு உங்களைக் கூப்பிட்டார்களா?" "விழா மே மாதம். எங்களுக்கு நவம்பரோடு அனுமதி முடிந்துவிட்டது. அடுத்த வருடம் வேறு ஊரில் பாலம்." "அதற்குப் பிறகு வந்து பார்க்கவில்லையா?" "பக்கத்து ஊரில்தான் இருக்கிறேன், நாற்பது வருடமாக. பஸ்ஸில் போகும்போது தெரியும்." "கதவு மூடியிருக்காதே!" "மூடியிருக்கவில்லை" என்றார் அட்டிலியோ. "திறந்திருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. இந்த வாரம் பேப்பரில் போட்டிருந்தது."

உள்ளே போனார்கள். பிரதான மண்டபம், மூன்று மாடி உயரம், மேலே கண்ணாடிக் கூரையிலிருந்து வெளிச்சம், நடுவில் படிக்கட்டு. தாளில் இதற்கு மட்டும் அரைப் பக்கம். தூணே இல்லை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முதல் படி காற்றில் நிற்கிறது, முழுப் படிக்கட்டும் மேல்மாடி விட்டத்திலிருந்து தொங்குகிறது. ஆட்கள் வழக்கம்போல "ஆ" என்றார்கள். அந்த "ஆ" யோகமலருடைய வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. முதல் நாள் வேலைக்கு வந்தபோது வாளியோடு சுவர் ஓரமாக மண்டபத்தைச் சுற்றிப் போனவள் அவள். பிறகு ஏறப் பழகிவிட்டாள், ஏறாமல் எப்படித் துடைப்பது, ஆனால் அதற்குக் கீழே போய் நிற்பது கிடையாது. கோப்பாயில் சின்னம்மா வீட்டில் ஷெல் விழுந்து குசினிக் கூரையின் பாதி பிளந்து, கம்பியில் தொங்கிக்கொண்டு நின்றது, இரண்டு வருடம் நின்றது. இடித்து விழுத்த ஆளும் இல்லை, வேறு குசினியும் இல்லை, சின்னம்மா அதன் கீழே இருந்தபடியே புட்டவித்தா. "விழுறதெண்டால் அண்டைக்கே விழுந்திருக்கும் பிள்ளை, இனி விழாது" என்பா. யோகமலர் அப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டிடப் படம் வரையப் படித்துக்கொண்டிருந்தாள், எட்டு மாதம் படித்தாள், பிறகு கல்லூரியும் இல்லை. ஆனால் எடை எந்த வழியாகக் கீழிறங்கும் என்று படித்திருந்ததால் சின்னம்மாவின் கூரையில் எந்தக் கம்பி தாங்குகிறது, எது சும்மா இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்துவிட்டது, தெரிந்ததுதான் தொல்லை. சாப்பிடும்போதும் கண் மேலேயே இருக்கும். விழவில்லை. கடைசிவரை அது விழவேயில்லை, சின்னம்மா பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து ஆளைப் பிடித்து இறக்கிவித்தா. ஆனாலும் இருபத்துநாலு வருடமாக, கொதிகலன் அறையில் மாட்டியிருக்கிற வரைபடத்தைப் பார்த்து, இந்தப் படி எப்படி நிற்கிறது, எத்தனை கம்பி, எந்த விட்டம் என்று ஒவ்வொரு கோடாக வாசித்துத் தெரிந்துகொண்ட பிறகும், அறிவு ஒத்துக்கொண்டதை முதுகெலும்பு ஒத்துக்கொள்ளவில்லை.

"இதைச் சோதித்துப் பார்த்த நாளைச் சொல்லவா?" என்றார் அட்டிலியோ. இப்போது ஃப்ராவ் குஸ்டரே, "சொல்லுங்கள், சொல்லுங்கள்" என்றாள். "படிக்கட்டுக்குக் கீழே கொடுத்திருந்த மர முட்டுக்களை எடுக்க வேண்டிய நாள். மண்மூட்டை அடுக்கிப் பார்ப்பது வழக்கம். மூட்டை கொண்டுவர வேண்டிய லொறி வரவில்லை, நல்ல மழை. மேற்பார்வையாளர் யோசித்தார். மூட்டை இல்லாவிட்டால் என்ன, ஆட்கள் இருக்கிறார்களே என்றார். ஒரு படிக்கு ஒருவர், இருபத்தாறு பேர், ஆளுக்கொரு சீமெந்துப் பை தோளில். ஏறினோம். நான் பதினொன்றாவது படி. பிறகு ஒவ்வொரு முட்டாகத் தட்டி எடுத்தார்கள்." "பயமாக இல்லையா?" "எனக்கு முன்னால் நின்றவன் சிரிக்கத் தொடங்கினான். பயத்தில் வருகிற சிரிப்பு. அது தொற்றிவிட்டது, இருபத்தாறு பேரும் சிரிக்கிறோம். மேற்பார்வையாளர் கத்துகிறார், சிரிக்காதே, ஆடும் என்று. அதைக் கேட்க இன்னும் சிரிப்பு." "ஆர்க்கிடெக்ட் எங்கே நின்றார்?" என்று கறுவாப் பகிடிக்காரர் கேட்டார். "வெளியே. மழைக்குள். ஜன்னல் ஓட்டையால் பார்த்துக்கொண்டு." "பிறகு என்ன நடந்தது?" "ஒன்றும் நடக்கவில்லை. பசித்தது. இறங்கிச் சாப்பிடப் போனோம்." மண்டபமே சிரித்தது. ஃப்ராவ் குஸ்டர் டேப்லெட்டில் வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். "இது எங்களிடம் எங்குமே எழுதியில்லை" என்றாள், முகம் சிவந்திருந்தது.

யார் முதலில் ஏறினார்கள் என்று தெரியாது. குழந்தை வண்டியைக் கீழே விட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தாய் என்றுதான் யோகமலர் நினைக்கிறாள். பிறகு எல்லாரும். அட்டிலியோவைப் பதினொன்றாவது படிக்கு இரண்டு பேர் கைகொடுத்து ஏற்றிவிட்டார்கள், அவர் அங்கே நின்று, தோளில் ஏதோ இருப்பது போல ஒரு தோளைச் சற்றுத் தாழ்த்திக் காட்டினார், எல்லாரும் கைதட்டினார்கள், அந்த ஆரவாரத்தில் தொப்பி அவர் கையிலிருந்து நழுவிப் படிகளுக்கு இடையிலிருந்த இடைவெளியால் கீழே தரையில் விழுந்தது. "அசையாதேங்கோ, நான் எடுக்கிறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு யோகமலர் போனாள். குனிந்தாள், எடுத்தாள், தட்டினாள். நிமிர்ந்து பார்த்தபோதுதான் எங்கே நிற்கிறாள் என்று புரிந்தது. தலைக்கு மேலே இருபது பேரும் ஒரு கைக்குழந்தையும், அவர்களைத் தாங்கிக்கொண்டு இந்தச் சாம்பல் நிற அடிவயிறு, அதிலும் பலகைத் தடம், அதிலும் கணுக்கள், யாரும் பார்க்காத இடம் என்று தெரிந்தும் ஒழுங்காக அடித்திருக்கிறார்கள். இதயம் ஒரு தடவை பலமாக இடித்தது. இரண்டாவது இடிக்கு அவள் காத்திருந்தாள். அதற்குள் கண் வேறொன்றைக் கண்டுவிட்டது. ஒட்டடை! பதினாறாவது படியின் அடிமூலையில், பதினேழாவதில், பதினெட்டாவதில், கயிறு கயிறாக, எத்தனை வருடத்து ஒட்டடையோ. சுத்தம் செய்கிற பிள்ளைகளுக்கு ஒட்டடை இருக்கா பார் என்று மூலைமூலையாகக் காட்டுகிறவளுடைய கட்டிடத்தில், அவள் வந்து நிற்காத ஒரே இடத்தில். அட கடவுளே, திங்கட்கிழமை முதல் வேலை இதுதான், நீளக் கம்பு வேண்டும், வளைந்த தூரிகை, அது மூன்றாம் மாடி அலுமாரியில் இருக்கிறது, தானே நின்று செய்ய வேண்டும். "என்ன பார்க்கிறீர்கள்?" என்று மேலிருந்து ஃப்ராவ் குஸ்டர் குனிந்து கேட்டாள். "வேலை" என்றாள் யோகமலர், சந்தோஷமாக.

மூன்றாவது நிறுத்தம் பெரிய விரிவுரை மண்டபம். பதினாலு வரிசை, மரக் கதிரைகள், மேலே வட்டமான ஒரே கூரை ஜன்னல். அட்டிலியோ கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார், ஊன்றுகோலை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு. யோகமலர் மேடையோரத்தில் நின்று சொல்லத் தொடங்கினாள், இந்த மண்டபத்தில் ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும், சுவர்களை அப்படி மடித்துக் கட்டியிருக்கிறார்கள். மெல்லச் சொன்னாலும் கேட்கும் என்று காட்டுவதற்காகக் குரலைத் தாழ்த்தினாள். பார்த்தால் அட்டிலியோவின் தாடை நெஞ்சில் கவிழ்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. எல்லாரும் கண்டுவிட்டார்கள். இருபது பேரும் ஒரே நேரத்தில் குரலை இறக்கிக்கொண்டார்கள், கேள்வியெல்லாம் கிசுகிசுப்பாக வந்தது, யோகமலரும் கிசுகிசுப்பாகப் பதில் சொன்னாள், கடைசி வரிசைவரை கேட்கும் என்று சற்று முன்புதான் தானே சொன்னதை நினைக்கச் சிரிப்பு முட்டியது. இனி நாலாவது நிறுத்தம், கண்ணாடிக் கட்டிடம், இரண்டாயிரத்துப் பதினொன்று. அதில் ஆண்டு பிழைக்க வழியே இல்லை. ஆனால் இவரைத் தனியே விட்டுப் போக முடியாது. ஃப்ராவ் குஸ்டர் கிட்ட வந்து காதுக்குள், "கண்ணாடிக் கட்டிடத்தை நான் சொல்கிறேன், ஃப்ராவ் குலசேகரம். நீங்கள் இவரோடு இருங்கள்" என்றாள். பிறகு, போகிற போக்கில், "மத்தியானம் இரண்டு மணிக்கு இன்னொரு கூட்டம் வருகிறது. நாற்பது பேர் பதிந்திருக்கிறார்கள். செய்வீர்களா?" "செய்கிறேன்." யோசிக்கவே இல்லை. வார்த்தை போன பிறகுதான் யோசனை வந்தது, வந்த யோசனையும் நல்லதாகவே இருந்தது. எல்லாரும் நுனிக்காலில் வெளியே போனார்கள். கதவைக் குழந்தைக்காரி முதுகால் தாங்கி, சத்தம் வராமல் விட்டாள்.

யோகமலர் மேலே ஏறிப் போய், கடைசி வரிசையில் அவருக்கு இரண்டு கதிரை தள்ளி உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு கணக்குப் பார்த்தாள். இந்த மண்டபத்தில் அவள் உட்காருவது இதுதான் முதல் தடவை. பதினாலு வரிசையையும் ஆயிரம் தடவை துடைத்திருப்பாள், ஒவ்வொரு கதிரையின் கீழ்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கிற சூயிங்கத்தைச் சுரண்டியிருப்பாள், ஆனால் ஒருநாளும் முதுகைச் சாய்த்ததில்லை. யாரும் தடுக்கவில்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான். மரம் முதுகுக்கு இதமாக வளைந்திருந்தது. இங்கே இருந்து பார்த்தால் மேடை நினைத்ததைவிட அருகில் தெரிகிறது, பேசுகிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பெரிதாகத் தெரியமாட்டார். கூரை ஜன்னலில் ஒரு மேகம் வந்து நின்று நகர்ந்தது. வெளியே குஸ்டரின் குரல் தேய்ந்து தேய்ந்து போய்விட்டது. கால் உளைந்தது. குலசேகரத்துக்கு ஒரு செய்தி போடலாம், பாவம், மா பிசைகிற கையோடு பத்துத் தடவை ஃபோனைப் பார்த்திருப்பார். போடலாம், பிறகு. சப்பாத்தை மெல்லக் கழற்றிக் குதிக்காலைக் குளிர்ந்த தரையில் வைத்தாள்.

"எல்லாரும் போய்விட்டார்களா?"

கண் திறக்கவில்லை, தாடை நெஞ்சிலேயே இருந்தது, குரல் மட்டும் வந்தது.

"போய்விட்டார்கள்" என்றாள் யோகமலர். "நீங்கள் தூங்கவில்லையா?"

"எனக்குக் கண்ணாடிக் கட்டிடம் பார்க்க விருப்பமில்லை" என்றார் அட்டிலியோ. "வரமாட்டேன் என்றால் அந்தக் கைக்கடிகாரப் பிள்ளை கவலைப்படும்." ஒரு கண்ணைத் திறந்து கூரை ஜன்னலைப் பார்த்தார், பிறகு அவளுடைய வெறும் காலைப் பார்த்தார். "உங்களுக்கு வேலை இல்லையா?"

"இரண்டு மணிக்கு."

"அப்போ நேரம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவர் குனிந்து தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.